பழம்பாணிக் கிட்டார்: கண்ணுக்கு எவ்வளவு, காதுக்கு எவ்வளவு?

ஓரம் கறுத்து நடுவில் தேன்நிறமாக ஒளிரும் சன்பர்ஸ்ட் வண்ணம், வெண்ணெய்நிறக் குமிழ் வைத்த, தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் டியூனர்கள், பளபளப்பு குறைந்த மரமேனி என்று 1930-களையும் 40-களையும் நினைவூட்டும் அக்கூஸ்டிக் கிட்டார்கள் இப்போது எல்லா விலையிலும் கிடைக்கின்றன. குமரி மாவட்டத்தில் ஆலயப் பாடகர் குழுவில் வாசிப்பவர்களும், கல்யாண மேடைகளில் வாசிப்பவர்களும், வேலை முடிந்து வீட்டில் தனக்கென்று வாசிப்பவர்களும் இவற்றில் ஒன்றை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். ஏற்கெனவே வாங்கியவர்களிடம் விசாரித்தால் குழப்பம் தீர்வதற்குப் பதில் கூடுகிறது. ஒருவர் தன் கிட்டாரின் ஓசையைக் கொண்டாடுகிறார். அதே மாடலை வைத்திருக்கும் இன்னொருவர், பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் பெட்டிக்குள் அடைத்த மாதிரி ஒலிக்கிறது என்கிறார்.

தோற்றத்தைப் பற்றி உரிமையாளர்களிடையே பெரிய சண்டை கிடையாது, பிளவு ஓசையில்தான். நான் கேட்டும் வாசித்தும் பார்த்த வரையில், அந்தப் பிளவுக்குக் காரணம் ரசனை வேறுபாடு மட்டுமல்ல. கிட்டாரின் அளவு, மேற்பலகை, தந்தி, வாசிக்கும் இடம் ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதைப் 'பழைய ஓசை' என்ற ஒரே தலைப்பின் கீழ் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதோடு, நம் கடலோரக் காற்றில் அந்தப் பழைய தோற்றத்துக்கே ஒரு பராமரிப்புச் செலவு உண்டு என்பதையும் கடைக்காரர் சொல்வதில்லை.

வாங்க நினைப்பவர் முன்னால் நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன: ஒட்டுப்பலகையில் செய்த சிறிய பார்லர் கிட்டார், ஸ்ப்ரூஸ் மர மேற்பலகை கொண்ட பெரிய உடல் கிட்டார், முழுவதும் மஹோகனியில் செய்த நடுத்தர அளவுக் கிட்டார், பழைய பாணியில் செய்தது வேண்டாம் என்று உண்மையிலேயே பழையதைத் தேடிப் பிடிப்பது.

எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, ஓசை யார் காதுக்குப் போக வேண்டும் என்பது. கிட்டாரின் மேற்பலகை ஓசையை முன்னோக்கித் தள்ளுகிறது. வாசிப்பவர் அதன் பின்னாலும் மேலேயும் இருந்து கேட்கிறார். ஆகவே உரிமையாளர் கருத்துகளில் பெரும்பாலானவை மடியிலிருந்து கேட்ட ஓசையைப் பற்றியவை. தனியாக உட்கார்ந்து பாடுபவருக்கு அடிநாதம் (தாழ்ந்த சுரங்களின் முழக்கம்) நிறைந்த கிட்டார் சுகமாக இருக்கும். ஆனால் ஆர்மோனியம், கீபோர்டு, தபலா எல்லாம் சேர்ந்து ஒலிக்கும் ஆலயத்தில் அந்த அடிநாதம் கீபோர்டின் இடதுகையோடு மோதிக் குழம்பும். அங்கே நடுத்தாயி (தாழ்ந்த சுரங்களுக்கும் உச்சத்துக்கும் இடைப்பட்ட பகுதி) தூக்கலாக இருக்கும், 'வறண்டது' என்று பலர் குறைசொல்லும் கிட்டார்தான் தெளிவாக வெட்டிக் கேட்கும்.

இரண்டாவது, பலகை. சாலிட் என்பது ஒரே மரத்துண்டிலிருந்து அறுத்த பலகை. லேமினேட் என்பது மெல்லிய ஏடுகளை ஒட்டியது, அதாவது ஒட்டுப்பலகை. சாலிட் பலகை இலகுவாக அதிரும், ஆண்டுகள் போகப் போக ஓசை கொஞ்சம் விரியும்; அதே சமயம் காற்றின் ஈரத்துக்கு உப்பவும் சுருங்கவும் செய்யும். லேமினேட் அதிகம் மாறாது. கடையில் நிற்கும்போது இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒலித்துளையின் விளிம்பை செல்போன் வெளிச்சத்தில் பாருங்கள். மேற்பரப்பில் ஓடும் மரவரி விளிம்பில் மடங்கிக் கீழ்நோக்கித் தொடர்ந்தால் அது சாலிட். விளிம்பில் வரி அறுபட்டு, வெளிறியதும் கறுத்ததுமாக இரண்டு மூன்று அடுக்குகள் தெரிந்தால் லேமினேட். விளிம்பில் கறுப்பு மை பூசி மறைத்திருந்தால் ஐயப்படுவதில் தவறில்லை. பின்பலகைக்கும் இதே சோதனைதான்: வெளியே தெரியும் மரவரியும் துளை வழியே உள்ளே தெரியும் மரவரியும் ஒத்துப்போக வேண்டும்.

மூன்றாவது, நம் காற்று. மற்ற ஊர்க்காரர்களின் கருத்து நமக்கு அப்படியே பொருந்தாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சாலிட் கிட்டாருக்கு 45 முதல் 55 விழுக்காடு வரையிலான ஈரப்பதத்தைத் தயாரிப்பாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் மாவட்டம் இது. ஜூன் தொடக்கத்து இடவப்பாதி மழை தொடங்கி ஐப்பசி, கார்த்திகை வரையில் காற்று அந்த எல்லைக்கு மேலேயே நிற்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ளவர்கள் குளிர்காலத்தில் பலகை உலர்ந்து வெடிப்பதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். நமக்கு வருவது அதற்கு நேர்மாறான தொல்லை: மேற்பலகை உப்பி, தந்திகளை அதன்மேல் பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டையைத் தூக்கும், தந்தி ஃப்ரெட்டிலிருந்து (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியிலிருந்து) விலகி உயரும், ஓசை மங்கும், கேஸின் (கிட்டார்ப் பெட்டியின்) உள்துணியில் பூஞ்சை படரும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கரையூர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று ஒப்பளவில் வறண்டது. மார்த்தாண்டம், குலசேகரம் ரப்பர்த் தோட்டப் பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே ஈரம் தங்கும். ஒரே மாவட்டம்தான் என்றாலும் ஒரே விடை எல்லா ஊருக்கும் ஒத்துவராது.

நான்காவது, கைக்குப் பொருத்தம். நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் தந்தியைத் தாங்கும் துண்டு) சாடில் (பிரிட்ஜில் தந்தியைத் தாங்கும் துண்டு) வரையிலான தந்தி நீளம் பார்லரில் 24 அங்குலம் வரை குறையும். அமெரிக்காவின் கிப்சன் நிறுவன வழியில் வந்த கிட்டார்களில் 24.75 அங்குலம், இன்னொரு அமெரிக்க நிறுவனமான மார்ட்டின் வழியில் 25.4 அங்குலம். நீளம் குறையும்போது, அதே தந்தி அதே சுருதிக்குக் குறைந்த இழுவிசையிலேயே வந்துவிடும். விரலுக்கு அது மென்மை. 12-53 தந்திக்கட்டு (மெல்லிய தந்தியும் தடித்த தந்தியும் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்ற கணக்கு) ஒரு முழுநீளக் கிட்டாரை ஏறத்தாழ 70 கிலோ விசையோடு இழுத்துக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்தால் இந்தச் சிறு வேறுபாடு ஏன் உணரப்படுகிறது என்று புரியும்.

ஐந்தாவது, வாங்கிய பிறகு வரும் செலவு. செட்டப் (தந்தி உயரத்தையும் கழுத்தையும் வாசிக்க ஏற்றபடி சரிசெய்வது), பிக்கப் (ஒலிபெருக்கியோடு இணைக்க ஓசையை மின்குறியாக்கும் கருவி), நல்ல கேஸ், துருப்பிடிக்காமலிருக்க மேலுறை பூசிய கோட்டிங் தந்தி ஆகியவை விலைச்சீட்டில் இருப்பதில்லை.

பழைய தோற்றம் நம்மிடம் கேட்கும் விலை

வகைகளுக்குள் போகும் முன் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இது நான்குக்கும் பொது.

பழம்பாணித் தோற்றத்தின் முக்கிய அடையாளங்களில் ஒன்று திறந்த டியூனர். பல்சக்கரம் வெளியே தெரியும்படி இருக்கும், அழகுதான். ஆனால் கரையூரில் ஒரு மழைக்காலம் போனால் அந்தப் பற்களின் இடுக்கில் பச்சைப் பொருக்குத் தட்டி, குமிழைத் திருகும்போது நறநறவென்று பிடிக்கத் தொடங்கும். எண்ணெய் ஒரு துளி விட்டுத் துடைத்து வைத்தால் சரியாகும். அதைச் செய்யாதவர்கள்தான் சுருதி நிற்கவில்லை என்று கிட்டாரைக் குறைசொல்கிறார்கள். மூடிய டியூனர் பார்க்கப் புதுசாக இருந்தாலும் கடலோரத்தில் அதற்கே என் ஓட்டு.

அடுத்து மேற்பூச்சு. பளபளப்பில்லாத சாட்டின் பூச்சு மரத்தை மூச்சுவிட வைக்கிறது என்று உரிமையாளர்கள் புகழ்கிறார்கள். மெல்லிய பூச்சு ஓசைக்கு நல்லதுதான். ஆனால் அதே மெல்லிய பூச்சு ஈரத்தையும் சீக்கிரம் உள்ளே விடுகிறது. வியர்த்த முழங்கை படும் இடம் ஓரிரு ஆண்டில் மினுமினுவென்று தேய்ந்து, மற்ற இடங்களிலிருந்து தனியாகத் தெரியும். சிலருக்கு அதுவே அழகு. விலை உயர்ந்த கிட்டார்களில் பூசும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு வியர்வைக்கும், சில ஸ்டாண்டுகளின் ரப்பருக்கும் பிசுபிசுத்துப் போகும். மலிவான வகையில் பழைய நிறத்தைக் காட்டக் கெட்டியான பாலியூரித்தேன் பூசியிருப்பார்கள். அது ஓசையைக் கொஞ்சம் அமுக்கும், ஆனால் மழைக்காலத்துக்கு அதைவிடப் பாதுகாப்பு வேறில்லை.

சன்பர்ஸ்ட் பற்றி ஒரு சொல். கறுத்த ஓரம் பலகையின் குறையை மறைக்க உதவும் என்பது உண்மை. அதனால் எல்லா சன்பர்ஸ்ட்டும் ஏமாற்று என்று ஆகாது. 1942-இல் வந்த கிப்சன் ஜே-45 சன்பர்ஸ்ட்டில்தான் வந்தது. தொழிற்சாலையிலேயே உரசித் தேய்த்துக் கிழடாக்கி விற்கும் கிட்டார்களைப் பற்றி மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. தேய்மானத்துக்குக் காசு கொடுப்பதற்கு நம் ஊரில் அவசியம் என்ன, கரையில் வைத்தால் இலவசமாகவே கிடைக்கும்.

உரிமையாளர் சொல்வதை எப்படிக் கேட்பது

'பெட்டி மாதிரி ஒலிக்கிறது' என்பவர் பெரும்பாலும் சிறிய உடல் கிட்டாரைப் பெரிய ட்ரெட்நாட் கிட்டாரோடு ஒப்பிடுகிறார். 'வறண்ட, நேர்மையான ஓசை' என்பவர் மஹோகனி மேற்பலகையையோ, தேய்ந்த தந்தியையோ கேட்டுக்கொண்டிருக்கிறார். 'கூச்சலாக இருக்கிறது' என்ற குறை புதிதாகப் போட்ட, '80/20' என்று உறையில் எழுதியிருக்கும் வெண்கலத் தந்தியால் வந்திருக்கலாம். 'பாஸ்பர் பிரான்ஸ்' என்ற மற்றொரு கலப்பு உலோகத் தந்தி போட்டால் அது தணியும். 'விரல் வலிக்கிறது' என்பது பெரும்பாலும் கிட்டாரின் குறை அல்ல, செட்டப் செய்யாததன் விளைவு. 12-ஆம் ஃப்ரெட்டில் தடித்த தந்தியின் அடிப்புறத்துக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர், மெல்லிய தந்திக்கு 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு என்பது வழக்கமான அளவு. மூன்றரை மில்லிமீட்டர் உயரத்தில் வாசித்துவிட்டுச் சொல்லும் கருத்தைத் தள்ளுபடி செய்துவிடலாம்.

'வாசிக்க வாசிக்கத் திறந்துகொள்கிறது' என்ற பாராட்டு சாலிட் மேற்பலகைக்குப் பொருந்தும். முழு லேமினேட் கிட்டாரைப் பற்றி அப்படி யாராவது சொன்னால், திறந்துகொண்டது அவர் கை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

1. ஒட்டுப்பலகைப் பார்லர்

இந்த வகைக்கு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு கிரெட்ச் நிறுவனத்தின் ஜிம் டேண்டி. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்த நிறுவனம் விற்றுவந்த 'ரெக்ஸ்' பார்லர் கிட்டார்களின் சாயலில் செய்யப்படுவது. தந்தி நீளம் 24 அங்குலம். விலைப்படியில் இதுவே அடிநிலை.

தோற்றத்துக்கு உரிமையாளர்கள் முழு மதிப்பெண் கொடுக்கிறார்கள். ஓசையில் அடிநாதம் குறைவு, நடுத்தாயி தூக்கல், மீட்டியவுடன் எழுந்து சீக்கிரம் அடங்கும் குணம். விரலால் மீட்டுபவர்களுக்கும், தந்திமேல் குழாயைச் சறுக்கி ஸ்லைடு வாசிப்பவர்களுக்கும் பிடித்துப்போகிறது. எல்லாத் தந்தியையும் ஒருசேர அடித்துப் பலமாக ஸ்ட்ரம் செய்தால் ஓசை நசுங்குகிறது. அதற்கு மேல் கேட்டால் கிட்டாரால் கொடுக்க முடியாது. கேப்போ (சுருதியை உயர்த்தக் கழுத்தில் தந்திகளை அழுத்தும் கவ்வி) போட்டு ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேலே வாசிக்கும் வழக்கமுள்ளவர்களுக்கு ஃப்ரெட் இடைவெளி நெருக்கமாகிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். உயர்ந்த குரலில் பாடும் பெண்களுக்குத் துணை வாசிப்பவர்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்வார்கள்.

நம் காற்றுக்கு நான்கிலும் கவலை குறைந்தது இதுதான். டிசம்பரில் தூறலுக்கு நடுவே வீடுவீடாகப் போகும் கேரல் பவனிக்கு எடுத்துச் செல்லலாம், மனம் பதறாது. மறைசெலவு என்று பார்த்தால், பிக்கப் இல்லாமல் வரும் மாடல்களில் அதைப் பொருத்துவதும், தொழிற்சாலையிலிருந்து உயரமாக வரும் நட்டையும் சாடிலையும் இறக்குவதும் கிட்டார் விலையில் கணிசமான பங்கை எட்டிவிடும். மறுவிற்பனையில் பெரிதாக எதையும் எதிர்பார்க்க முடியாது.

2. ஸ்ப்ரூஸ் மேற்பலகைப் பெரிய உடல்

பழம்பாணி என்றதும் பலர் மனதில் வரும் உருவம் இதுதான்: சரிந்த தோள் கொண்ட சன்பர்ஸ்ட் கிட்டார். 2020-இல் எபிஃபோன் வெளியிட்ட ஜே-45, கிப்சன் ஜே-45-இன் வடிவத்தில் ஸ்ப்ரூஸ் மேற்பலகையும் மஹோகனிப் பக்கங்களும் முழுக்கச் சாலிட்டாக வந்தது. யமஹாவின் வழி வேறு. 1966-இல் வந்த எஃப்ஜி-180-இன் சிவப்பு லேபிளை 2019-இல் மீட்டெடுத்து எஃப்ஜி3, எஃப்எஸ்3 என்ற மாடல்களைக் கொண்டுவந்தார்கள். இவையும் முழுச் சாலிட். மேற்பலகை மட்டும் முதுமை பெற்ற மரம்போல ஒலிக்கத் தனிப் பதப்படுத்தலுக்கு உட்பட்டது. தோற்றத்தில் எபிஃபோன் முன்னே நிற்கிறது. யமஹா எளிமையானது, பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அதன் நேர்த்தி தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகமெங்கும் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிற அந்த முதல் எஃப்ஜி-180-இன் மேற்பலகை ஒட்டுப்பலகை. மூலம் லேமினேட், அதன் நகல் சாலிட். ஆகவே 'பழைய ஓசை' என்று மக்கள் நினைவில் வைத்திருப்பது மரத்தின் வகையால் மட்டும் வந்ததல்ல. பலகையின் மெல்லிமை, உள்ளே தாங்கும் பிரேசிங் சட்டங்களின் கனம், பல பத்தாண்டுகளாக அதிர்ந்த அதிர்வு எல்லாம் சேர்ந்தது அது. மலிவான பழைய கிட்டார்களில் குறுக்குச் சட்டங்களை ஏணிப்படி போல வைத்தார்கள். அந்த அமைப்பு சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும் ஓசையைத் தரும். மார்ட்டின் 19-ஆம் நூற்றாண்டிலேயே கைக்கொண்ட எக்ஸ் வடிவச் சட்டம் அடிநாதத்தையும் நீட்சியையும் கூட்டும். இன்று கிடைக்கும் பெரிய உடல் பழம்பாணிக் கிட்டார்கள் எக்ஸ் சட்டமே கொண்டவை என்பதால், தோற்றம் எதைச் சொன்னாலும் ஓசை இக்காலத்துக்குரிய நிறைவோடுதான் இருக்கும். இதைத் தெரியாமல் வாங்கிவிட்டு 'பழைய மாதிரி இல்லையே' என்று சலித்துக்கொள்வோரும் உண்டு. 'பழைய தோற்றத்தில் புது ஓசை' என்று மகிழ்வோரும் உண்டு. இரண்டு பேரும் சொல்வது ஒரே உண்மை.

ஜே-45 வழிக் கிட்டாரை வைத்திருப்பவர்கள் அதன் மொத்தென்ற அடிநாதத்தையும் பாடகரின் குரலுக்கு இடம்விடும் தன்மையையும் சொல்கிறார்கள். எஃப்ஜி வழிக்காரர்கள் மேல்தாயித் தெளிவையும் ஒலிச் செறிவையும் சொல்கிறார்கள். எஃப்ஜி3-இன் தந்தி நீளம் 650 மில்லிமீட்டர், எஃப்எஸ்3-இல் 634; கை சிறியவர்கள் இரண்டாவதைப் பார்க்கலாம்.

செலவு இங்கேதான் கூடுகிறது. விலை லட்சத்தை நெருங்கும். அதன்மேல் கெட்டியான கேஸ், உள்ளே வைக்க ஈரப்பதமானி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், அல்லது அறைக்கே ஈரநீக்கி எந்திரம் வேண்டியிருக்கும். ஈரத்தை உறிஞ்சும் இந்த சிலிக்கா ஜெல்லை அடுப்பின் அனலில் காயவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். மழைக்காலத்தில் அது வாரத்துக்கு ஒருமுறை நிறம் மாறினால் வியப்படைய வேண்டாம். ஏசி போட்ட அறையிலிருந்து எடுத்து நேரே கடற்காற்றில் நடக்கும் நிகழ்ச்சிக்குக் கொண்டுபோவது சாலிட் கிட்டாருக்கு நல்லதல்ல. கேஸை மூடியபடியே அரைமணி நேரம் விட்டுப் பிறகு திறக்க வேண்டும். உச்சிவெயிலில் கார் டிக்கியில் வைத்தால் பசை இளகும். பிரிட்ஜ் கழன்ற கிட்டார்களில் பலவற்றின் கதை இதுதான்.

இவ்வளவுக்கும் தயாராக இல்லாதவர்கள் சாலிட் மேற்பலகையும் லேமினேட் பக்கங்களும் கொண்ட நடுவழிக்குப் போகலாம். யமஹாவின் எஃப்ஜி800 வரிசை அதற்குப் பழகிய எடுத்துக்காட்டு. தோற்றத்தில் பகட்டு இல்லை. விலை முழுச் சாலிட்டைவிட மிகக் குறைவு. ஓசையில் பெரும்பங்கை மேற்பலகை கொடுத்துவிடுகிறது. நம் மாவட்டத்தில் பெரும்பாலானோருக்கு இதுவே போதும் என்பது என் கருத்து.

3. முழு மஹோகனி

அறியப்பட்ட முன்மாதிரி மார்ட்டின் 000-15எம். முன், பின், பக்கம் எல்லாம் சாலிட் மஹோகனி, சாட்டின் பூச்சு, அலங்காரம் ஏறக்குறையக் கிடையாது. 1920-களிலேயே மார்ட்டின் மஹோகனி மேற்பலகை வைக்கத் தொடங்கியது; அப்போது அது சிக்கனக் கிட்டார். இன்று விலை ஒன்றரை லட்சத்தைத் தாண்டும்.

மஹோகனி மேற்பலகை ஸ்ப்ரூஸைப்போல மினுங்காது. மூல சுரம் முன்னே நிற்கும், மேற்சுரங்கள் பின்வாங்கும். ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் காதில் விழும். மைக் முன்னால் இது வரம். வீட்டில் ஒலிப்பதிவு செய்பவர்களும், விரலால் மீட்டிக் கீர்த்தனைக்குத் துணைபோகிறவர்களும் இதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பிக்கால் (மீட்டும் சிறு தகட்டால்) ஓங்கி அடிப்பவர்களுக்கு ஏமாற்றமாகவே இருக்கும்.

பக்கவாட்டில் ஒரு செய்தி: மஹோகனிக்கு அப்பால் பின்பலகைக்கு உலகமே மதிக்கும் இன்னொரு மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி. பிரேசில் ரோஸ்வுட் கிடைக்காமல் போனபோது மார்ட்டின் 1969-இல் டி-28-க்கு இந்திய ஈட்டிக்கு மாறியது. ஈட்டிப் பின்பலகை கிட்டார் அடிநாதத்திலும் எதிரொலியிலும் மஹோகனிக்கு நேரெதிர்க் குணம் கொண்டது. பழைய, வறண்ட ஓசை வேண்டும் என்று வருபவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

மெல்லிய சாட்டின் பூச்சும் நாலாபுறமும் சாலிட் பலகையும் சேர்ந்திருப்பதால், ஈரக்காற்றுக்கு நான்கு வழிகளிலும் கூடுதல் கவனம் கேட்பது இது. கரையூரில், காற்றோட்டமான ஓட்டுவீட்டில், கேஸ் இல்லாமல் சுவரில் மாட்டி வைப்பதென்றால் இதை வாங்கக் கூடாது. மஹோகனிக் குணம் வேண்டும், கவலை வேண்டாம் என்பவர்களுக்கு ஃபெண்டர் சிடி-60எஸ் மஹோகனி மாடல்போல மேற்பலகை மட்டும் சாலிட்டான, விலையில் பல மடங்கு குறைந்த கிட்டார்கள் இருக்கின்றன.

4. உண்மையிலேயே பழையது

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலைபார்த்துத் திரும்பியவர்கள் கொண்டுவந்த பழைய யமஹாக்களும், கல்கத்தாவில் செய்த பழைய இந்தியக் கிட்டார்களும் இந்த மாவட்டத்து வீடுகளில் அலமாரிக்கு மேலே உறங்கிக்கொண்டிருக்கின்றன. அப்படி ஒன்று உறவினர் வீட்டில் கிடைத்தாலோ, அடிமாட்டு விலைக்கு வந்தாலோ, புதுப் பழம்பாணிக் கிட்டாரை வாங்குவதற்கு முன் அதை எடுத்துப் பார்ப்பது நியாயம்.

பார்க்க வேண்டியது முதலில் கழுத்துக் கோணம். ஃப்ரெட்டுகளின் மேல் நீளமான நேர்க்கோல் ஒன்றைப் பதித்து பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். கோலின் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட்டாலோ சற்று மேலே போனாலோ நல்லது. விளிம்புக்குக் கீழே பிரிட்ஜின் நெற்றியில் முட்டினால் கழுத்து முன்னோக்கிச் சாய்ந்துவிட்டது. பல பத்தாண்டுத் தந்தி இழுவையில் இது இயல்பு. சாடில் ஏற்கெனவே மட்டத்துக்குத் தேய்க்கப்பட்டு, அதற்கு மேலும் தந்தி உயரமாக இருந்தால் செட்டப்பால் தீராது. கழுத்தைக் கழற்றிக் கோணம் மாற்றிப் பொருத்த வேண்டும். பழைய யமஹா எஃப்ஜிகளில் அந்த மூட்டைப் பிரித்தெடுப்பது கடினம் என்று பழுதுபார்ப்பவர்களிடையே பெயரே உண்டு. நம் ஊரில் ஆர்மோனியம் செப்பனிடுபவர்களும் கைத்தேர்ந்த தச்சர்களும் இருக்கிறார்கள். ஆனால் கழுத்து மாற்றும் வேலைக்கு அதையே தொழிலாகச் செய்பவரிடம்தான் போக வேண்டும். அந்தத் தேடலில் திருவனந்தபுரமோ கொச்சியோ சென்னையோ போய்வரும் செலவு கிட்டாரின் மதிப்பைத் தாண்டிவிடும்.

இரண்டாவது, பிரிட்ஜுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு மெல்லிய தாளைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பிரிட்ஜ் எழும்பத் தொடங்கியிருக்கிறது. மூன்றாவது, உள்ளே கையை விட்டு விரல்முட்டியால் சட்டங்களின் அருகே மெல்லத் தட்டினால், கழன்ற சட்டம் கடகடவென்று காட்டிக்கொடுத்துவிடும். கரையான் அரித்த தூசி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இவற்றில் தேறினால், தந்தி மாற்றி, டியூனர் மாற்றி வாசிக்கலாம்.

ஓசையைப் பொறுத்தவரை இவற்றின் உரிமையாளர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள். நினைவும் ஓசையும் கலந்துவிடுகின்றன. அப்பா வாசித்த கிட்டாரை யாரால் குறைசொல்ல முடியும். ஆனாலும் ஒட்டுப்பலகை மேற்பலகை கொண்ட பழைய யமஹாக்கள் நம் ஈரத்தில் அத்தனை ஆண்டு தாங்கிநிற்பதற்கு அந்த ஒட்டுப்பலகையும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது.

ஒரே பார்வையில்

| | ஒட்டுப்பலகைப் பார்லர் | ஸ்ப்ரூஸ் பெரிய உடல் | முழு மஹோகனி | உண்மைப் பழையது |
|---|---|---|---|---|
| விலைப்படி | அடிநிலை | லட்சத்தை ஒட்டி. மேற்பலகை மட்டும் சாலிட்டானால் மிகக் குறைவு | ஒன்றரை லட்சத்துக்கு மேல். மேற்பலகை மட்டும் சாலிட்டானால் மிகக் குறைவு | பேரத்தைப் பொறுத்தது |
| ஓசை | நடுத்தாயி, சீக்கிரம் அடங்கும் | நிறைவு, பலமான ஸ்ட்ரம்முக்குத் தாங்கும் | தெளிவு, மைக்குக்கு ஏற்றது | கிட்டாருக்குக் கிட்டார் மாறும் |
| தோற்றம் | கண்கவரும் | சன்பர்ஸ்ட்டின் உச்சம் | அடக்கம் | அசல் |
| ஈரக்காற்றில் | கவலை குறைவு | கேஸ் கட்டாயம் | மிகுந்த கவனம் | பலகையைப் பொறுத்தது |
| மறைசெலவு | பிக்கப், செட்டப் | ஈரக் கட்டுப்பாடு | ஈரக் கட்டுப்பாடு, பூச்சுத் தேய்மானம் | கழுத்துக் கோணம், டியூனர் |

யாருக்கு எது

ஆலயத்தில் ஸ்பீக்கர் வழியே வாசிப்பவருக்குப் பெரிய உடலின் அடிநாதம் தொல்லையாகவும் முடியும். ஒலிபெருக்கி முன்னால் அது சீக்கிரம் ஊளையிடும். அவருக்கு மேற்பலகை மட்டும் சாலிட்டான, பிக்கப் வைத்த நடுத்தர உடல் கிட்டார் போதுமானது. மஹோகனி மேற்பலகை கிடைத்தால் இன்னும் நல்லது. மைக் இல்லாமல் இளைஞர் கூட்டத்தில் முப்பது குரலுக்கு நடுவே ஸ்ட்ரம் செய்பவருக்கு ஸ்ப்ரூஸ் பெரிய உடல்தான். பார்லர் அங்கே காணாமல் போய்விடும்.

கரையூர்க்காரர்களுக்கு, விலை எதுவானாலும், முழுச் சாலிட்டை நான் தயங்கித்தான் சொல்வேன். மூடிய டியூனர், கோட்டிங் தந்தி, லேமினேட் பக்கங்கள் என்ற மூன்றையும் பிடித்துக்கொண்டு மேற்பலகையில் மட்டும் காசைப் போடுவது அங்கே கையைக் கடிக்காது. நாகர்கோவில் போன்ற நகரத்தில், கதவடைத்த அறையில், கேஸுக்குள் வைத்து வாசிப்பவர்கள் துணிந்து முழுச் சாலிட்டுக்குப் போகலாம். பிள்ளைகளுக்கு முதல் கிட்டாராகப் பார்லர் வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 24 அங்குலத்தில் பழகிய விரல்கள் பிறகு 25.4 அங்குலத்துக்கு மாறும்போது கொஞ்சம் தடுமாறும், ஆனால் சில வாரங்களில் சரியாகிவிடும். இரும்புத் தந்தியின் வலியில் முதல் மாதமே விட்டுவிடுவதைவிட அது மேல்.

தோற்றத்துக்காகவே வாங்குவதும் தவறல்ல. எடுத்து வாசிக்கத் தூண்டும் கிட்டார் அலமாரியில் கிடக்கும் நல்ல கிட்டாரைவிட அதிகம் வாசிக்கப்படும். அப்படியானால் பார்லரையே வாங்குங்கள். தோற்றத்துக்கென்று லட்சம் கொடுக்க வேண்டியதில்லை.

கடைக்குப் போகும்போது வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு போய், அவரை வாசிக்கச் சொல்லிவிட்டுப் பத்தடி எதிரே நின்று கேளுங்கள். பிறகு இடம் மாறி நீங்கள் வாசியுங்கள். ஏசி ஷோரூமில் பல மாதம் இருந்த கிட்டாரின் தந்தி அங்கே இருக்கும் உயரத்தில் வீட்டிலும் இருக்காது. ஆகையால் கடையிலேயே செட்டப் செய்து தருகிறோம் என்றால் நன்றி சொல்லி மறுத்துவிட்டு, வீட்டுக் காற்றில் ஒரு மாதம் வைத்துப் பலகை நிலைப்பட்ட பிறகு செய்துகொள்வதாகப் பேசி, அந்தச் சலுகையை ரசீதின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.